மா விலை நாளைக்கு என்னாகும்? ஆமிஸ், வாஸ்டே ரெண்டு ரிப்போட்டையும் பத்தி ஹட்டன் பேக்கரியில இருந்து ஒரு ரிவியூ

ஹட்டன் டவுன்ல எங்களுக்கு ஒரு பேக்கரி இருக்கு, மாமா ஆரம்பிச்சது, இப்ப நானும் அவரும் சேந்து நடத்துறோம். பாண், மாலு பாண், டீ பனிஸ், கிம்புலா பனிஸ், தீபாவளி நத்தாருக்கு கேக். இதுக்கு போற கோதுமைல ஒரு மணி கூட இந்த நாட்டு மண்ணுல வெளஞ்சது கெடையாது. வருஷத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் டொன் கோதுமை கப்பல்ல வந்து, பெரும்பாலும் ரெண்டு எடத்துல அரைபடுது, ஒண்ணு 1980ல இருந்து திருகோணமலைல ஓடுற பிரிமா ஆலை, இன்னொண்ணு 2008ல கொழும்புல தொடங்குன செரண்டிப். அங்க இருந்து லொறியில கினிகத்தேனை வழியா மேல ஏறி நம்ம கடைக்கு வருது. தோட்டத்துல காலைல ரொட்டி, மத்தியானம் ரொட்டி, பின்னேரம் பாண்னு சாப்பிடுற சனத்துக்கு இந்த மா விலை எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லத் தேவையில்ல.

அதனால மா விலை ஏறப்போகுதா எறங்கப்போகுதான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க ஒரு வழி தேடுனேன். பேஸ்புக்ல வர்ற வதந்தி, வாட்ஸ்அப் குரூப்ல வர்ற வொய்ஸ் இதெல்லாம் நம்பி மூட்டை வாங்கி அடுக்க முடியாது. தேடிப் பாத்ததுல, உலக தானிய வியாபாரத்தப் பத்தி வெவரம் தெரிஞ்சவங்க எழுதுற ரெண்டு ரிப்போட் சல்லிக் காசு செலவில்லாம கெடைக்குது. ஒண்ணு ஆமிஸ் மாக்கெட் மொனிட்டர், இன்னொண்ணு அமெரிக்க விவசாயத் திணைக்களம் போடுற வாஸ்டே, உலகத்துல வெளச்சல், தேவை, இருப்பு எவ்வளவுன்னு போடுற மதிப்பீடு. ரெண்டையும் இப்ப விடாம படிக்கிறேன். மலையகத்துல பேக்கரி, சில்லறைக் கடை, கொத்துரொட்டிக் கடை, கோழிப்பண்ணை வச்சிருக்கவங்களுக்கு இது பிரயோசனமான்னு கேட்டா, ஆமிஸ் கட்டாயம் படிங்க, வாஸ்டே பொறுமை இருந்தா படிங்கன்னு சொல்வேன், ஆனா ரெண்டுலயும் நம்ம ரூவா இல்ல, அது பெரிய கொறை, அதப் பத்தி கீழ விரிவா எழுதுறேன்.

முதல்ல ஆமிஸ். 2007-08லயும் 2010லயும் உலகம் முழுக்க தானிய விலை திடீர்னு தூக்குனப்போ எந்த நாட்டுல எவ்வளவு இருப்பு இருக்குன்னே யாருக்கும் சரியா தெரியல, பயத்துலயே ஏற்றுமதிய நிப்பாட்டுனாங்க, அது விலைய இன்னும் ஏத்துச்சு. அதுக்கப்புறம் 2011ல ஜி20 விவசாய மந்திரிமார் சேந்து தொடங்குனது தான் ஆமிஸ். ரோம்ல ஐநாவோட உணவு விவசாய அமைப்புக்குள்ள இருக்கு. கோதுமை, சோளம், அரிசி, சோயா நாலு பயிர மட்டும் பாக்குறாங்க. மாச ஆரம்பத்துல ஒரு பிடிஎஃப் வரும், ஜனவரியிலயும் ஆகஸ்ட்லயும் வராது.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது முதல் பக்கம். நாலு பயிருக்கும் போன ரிப்போட்டோட பாத்தா நெலம எளகுதா (சரக்கு தாராளமாகுதா), அப்படியே இருக்கா, இறுகுதா (தட்டுப்பாடாகுதா), போன பருவத்தோட பாத்தா எப்படின்னு அடையாளம் போட்டிருப்பாங்க. இங்கிலீஷ் அவ்வளவா வராத மாமாவுக்கு கூட நான் போன காட்டுனா போதும், கோதுமைக்கு நேரா என்ன அடையாளம்னு பாத்துட்டு "சரி, அவசரப்பட்டு வாங்க வேணாம்"னு சொல்லிருவாரு. உள்ள போனா ஐநா அமைப்பு, அமெரிக்கா, லண்டன்ல இருக்க சர்வதேச தானிய கவுன்சில் மூணு பேரோட கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருப்பாங்க. மூணும் ஒண்ணா இருக்காது, அது நல்லது தான், ஏன்னா வெளச்சல் எவ்வளவு, இருப்பு எவ்வளவுன்னு கணக்குப் போடுறதுல எவ்வளவு ஊகம் இருக்குன்னு அங்கயே தெரிஞ்சிரும். லண்டன் கவுன்சிலோட முழு ரிப்போட் வேணும்னா காசு கட்டணும், நம்ம தேவைக்கு ஆமிஸ்ல வர்ற அளவே தாராளம்.

அப்புறம் பயிர் மேப். சட்டலைட் படத்தையும் அந்தந்த நாட்டு ஆட்களோட தகவலையும் வச்சு, எங்க பயிர் நல்லா இருக்கு, எங்க கவனிக்கணும், எங்க மோசம்னு கலர்ல காட்டுவாங்க. பச்சைன்னா நல்லது, மஞ்சள்னா கண்ணு வச்சிருக்கணும், சிவப்புன்னா மோசம். ரஷ்யாவோட தெக்குப் பக்கம், உக்ரைன், அவுஸ்திரேலியா, அமெரிக்காவோட கன்சாஸ் பக்கம் இதெல்லாம் என்ன கலர்ல இருக்குன்னு பாக்குறது எனக்குப் பழக்கமாயிருச்சு. கோதுமை ஏற்றுமதில இன்னைக்கு முதல் எடம் ரஷ்யா, அங்க மழை பொய்ச்சா ஹட்டன்ல பாண் விலைக்கு அது வந்து சேரும், மெதுவா தான் வரும் ஆனா வரும்.

கொள்கை மாற்றம்னு ஒரு பகுதி இருக்கு, அவசரத்துல யாரும் அத விட்டுறாதீங்க. எந்த நாடு ஏற்றுமதிக்கு வரி போட்டுச்சு, எது தடை போட்டுச்சு, எது எடுத்துச்சுன்னு மாசா மாசம் வரும். 2022 மே 13ந் தேதி இந்தியா கோதுமை ஏற்றுமதிய நிப்பாட்டுச்சு, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் உக்ரைன் சண்டையால வர்ற பற்றாக்குறைய இந்தியா தான் நிரப்பப்போகுதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டிருந்தாங்க, வெயில் அடிச்ச அடியில வடக்கே வெளச்சல் கொறஞ்சு உள்நாட்டு விலை ஏறவும் ஒரே ராத்திரில கதவ சாத்திட்டாங்க. 2023 ஜூலை 20ந் தேதி பாஸ்மதி இல்லாத வெள்ளை அரிசிக்கும் அதே கதை, 2024 செப்டம்பர்ல தான் எடுத்தாங்க. வெளச்சல் கணக்கு மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா இதெல்லாம் தெரியாது. வித்து வாங்குற வியாபாரத்துல மழைக்கு எவ்வளவு பங்கு இருக்கோ அதே அளவு மந்திரிமார் கையெழுத்துக்கும் இருக்குன்னு இந்தப் பகுதிய படிச்சா நல்லா வெளங்கும்.

இப்ப வாஸ்டே. இது அமெரிக்க விவசாயத் திணைக்களம் மாசம் ஒரு தடவ போடுறது, பெரும்பாலும் 8ந் தேதிக்கும் 12ந் தேதிக்கும் நடுவுல. வாஷிங்டன்ல மத்தியானம் 12 மணிக்கு சரியா வெளிய விடுவாங்க, நமக்கு அது ராத்திரி 9.30, அங்க பனிக்காலத்துல 10.30. எங்க பேக்கரில ராவைக்கு மா பெசையுற நேரம் அது, மெசின் ஓடிக்கிட்டிருக்கும் போது நான் ஒரு ஓரமா ஒக்காந்து போன்ல பாப்பேன். அந்த ஒரு நிமிஷத்துல சிகாகோ தானியச் சந்தைல விலை எப்படித் துள்ளுதுன்னு பாத்தீங்கன்னா பயமா இருக்கும். அதனாலயே அந்த ரிப்போட்ட தயாரிக்கிற ஆட்கள போன், நெட் எதுவும் இல்லாம ஒரு பகுதிக்குள்ள பூட்டி வச்சு தான் கடைசி வேலைய முடிக்கிறாங்க, தகவல் முன்னாடியே கசிஞ்சா சில பேர் கோடிக்கணக்குல அள்ளிருவாங்க.

ஆனா படிக்க கஷ்டம். நாப்பது பக்கம் வரைக்கும் அட்டவணை தான், கலர் இல்ல, படம் இல்ல. முதல்ல வர்ற எழுத்துப் பகுதில கோதுமைக்குன்னு ஒரு பக்கம் இருக்கும், அத மட்டும் படிச்சாலும் போதும். அட்டவணைல ஒரே ஒரு வரி தேடிப் பாருங்க, சீனாவ கழிச்ச உலக இருப்புன்னு ஒரு வரி. உலகத்துல சேத்து வச்சிருக்க கோதுமைல கிட்டத்தட்ட பாதி சீனாவுல கெடக்கு, அது வெளிய வித்து வர்ற சரக்கு இல்ல. அதனால உலக இருப்பு நெறைய இருக்குன்னு யாராவது சொன்னா சீனாவ கழிச்சுட்டு சொல்றாங்களான்னு கேளுங்க. இன்னொரு கொறை, செலவுக்கு பட்ஜெட் பாஸாகாம அமெரிக்க அரசாங்கமே பூட்டிக் கெடந்தா ரிப்போட்டும் வராது, 2013 அக்டோபர்ல வரல, 2019 ஜனவரில வரல, 2025 அக்டோபர்லயும் வரல. அந்த மாதிரி மாசத்துல உலக வியாபாரமே இருட்டுல தடவுது, அக்டோபர்ல ஆமிஸ் தான் கை குடுத்துச்சு, ஜனவரில அதுவும் வராது.

இந்த வாஸ்டே 1973ல இருந்து வருதுன்னு படிச்சப்போ எனக்கு மனசு கனத்துப் போச்சு. 1972ல சோவியத் ரஷ்யா யாருக்கும் பெருசா தெரியாமலே அமெரிக்காவுல கோதுமைய அள்ளி வாங்குச்சு, உலக விலை ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள பல மடங்கு ஏறுச்சு, அதோட எண்ணெய் விலையும் தூக்குச்சு. வெளிய இருந்து வாங்கித் திங்கிற நம்ம நாட்டுக்கு வாங்க டொலர் இல்ல. கூப்பனுக்கு குடுத்த அரிசியும் மாவும் கொறஞ்சுச்சு. நம்ம பெரியவங்க சிறிமா காலத்துப் பஞ்சம்னு சொல்றாங்களே, அது தான் இது. 1973-74ல தோட்டங்கள்ல பட்டினியால செத்தவங்க எத்தனையோ பேர், லயத்த விட்டுட்டு வவுனியா, கிளிநொச்சி பக்கம் போன குடும்பங்கள் எத்தனையோ. எங்க அப்பாயி மரவள்ளிக் கெழங்கும் காட்டுக் கீரையும் தின்னு புள்ளைங்கள காப்பாத்துன கதைய சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கொழுந்து பறிச்சு டொலர் கொண்டாந்த சனத்துக்கு அந்த டொலர்ல ஒரு கை மா வந்து சேரல. யாரு எவ்வளவு வாங்குறா, எங்க எவ்வளவு இருக்குங்கிற தகவல் பெரிய கம்பனிகள் கையில மட்டும் இருந்தா என்ன நடக்கும்னு நம்ம சனம் உசுரக் குடுத்துப் பாத்திருக்கு. அதனால இந்த ரிப்போட்டெல்லாம் இன்னைக்கு எல்லார் போன்லயும் எறங்குறது சாதாரண விசயம் இல்ல, படிக்காம விடக்கூடாதுன்னு நான் சொல்றதுக்கு முக்கியமான காரணம் இது தான்.

சரி, இப்ப அந்தப் பெரிய கொறைக்கு வாறேன். ரெண்டு ரிப்போட்டும் டொலர்ல தான் பேசும். நம்ம சாப்பாடு ரூவால இருக்கு. 2022 பெப்ரவரி கடைசில உக்ரைன் சண்டை தொடங்குன கையோட, மார்ச்ல சிகாகோ கோதுமை ஒரு புஷல் (அமெரிக்க அளவு, 27 கிலோ சொச்சம்) 13 டொலரத் தாண்டுச்சு, அந்த வருஷம் ஆகஸ்ட்ல சண்டைக்கு முன்னாடி இருந்த 8 டொலர் அளவுக்கு எறங்கிருச்சு. உக்ரைன்ல இருந்து கருங்கடல் வழியா தானியம் வெளிய வர ஜூலை 22ந் தேதி இஸ்தான்புல்ல ஒப்பந்தம் போட்டதும் நல்லா உதவுச்சு. ரிப்போட் பாத்தா நெலம எளகுது எளகுதுன்னு தான் இருக்கும். ஆனா அதே ஆகஸ்ட்ல நம்ம ஊர்ல மா கிலோ 300 ரூவாயத் தாண்டி நின்னுச்சு, பாண் வாங்க வந்தவங்க அரை பாண் கேட்டாங்க, லயத்துல புள்ளைங்களுக்கு ஒரு வேளை ரொட்டி கொறஞ்சிருச்சு.

ஏன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க, நானும் பேப்பர்ல போட்டுப் பாத்தேன். கோதுமை ஒரு புஷல்னா 27.2 கிலோ. புஷல் 8 டொலர்னா கிலோ 29 சதம். டொலர் 200 ரூவாயா இருந்தா அது ஏறத்தாழ 59 ரூவா. அந்த வருஷம் மாதிரி நம்ம ரூவா வுழுந்து டொலர் 360 ஆனா அதே கோதுமை 106 ரூவா. இப்ப சண்டை நேரத்து உச்ச விலை 13 டொலர எடுங்க, பழைய 200 ரூவா டொலர்ல அது கிலோ 96 ரூவா தான். அதாவது உலகமே அலறுன உச்ச விலைய விட, உலகம் அமைதியான பெறகு நாம குடுத்த விலை கூட. இது சிகாகோல மணிக்கு மட்டும் உள்ள விலை, கப்பல் கூலி, அரைக்கிற செலவு, வரி, லொறி எல்லாம் இதுக்கு மேல. நூறு கிலோ கோதுமைய அரைச்சா 75 கிலோ சொச்சம் தான் வெள்ளை மா வரும், மிச்சம் தவிடு, மாட்டுத் தீனிக்குப் போகும், அதையும் கணக்குல சேக்கணும். ரிப்போட் பாக்குற அதே நாள்ல மத்திய வங்கியோட டொலர் விலையையும் பாக்காட்டி பாதி தான் தெரியும். இன்னொண்ணு, கப்பல்ல ஏத்தி, வந்து, அரைச்சு, மேல ஏறி வர நாள் எடுக்கும், அதனால உலகத்துல எறங்குன விலை எங்க கடைக்கு ரெண்டு மூணு மாசம் பிந்தித்தான் வரும். ஏறுற விலை மட்டும் ஏனோ மறு நாளே வந்துரும்.

இத வச்சு எனக்கு நடந்த ஒரு நல்ல விசயம். மா குடுக்குற ஒரு மொத்த யாவாரி ஒரு தடவ வந்து "தம்பி, உலக மாக்கெட்ல கோதும தீயாட்டம் ஏறிருச்சு, அடுத்த வாரம் இந்த விலைக்கு வராது, இப்பவே நூறு மூட்டை எடுத்துருங்க"ன்னு நின்னாரு. நான் போன எடுத்து அந்த மாச ஆமிஸ காட்டுனேன், "அண்ணே, கருங்கடல் விலை எறங்கியிருக்கு, பிரான்ஸ் விலையும் எறங்கியிருக்கு, டொலரும் அசையல, பெறகு எங்கண்ணே ஏறுச்சு?"ன்னு கேட்டேன். மனுசன் கொஞ்ச நேரம் பாத்துட்டு "சரி தம்பி, வழக்கமா எடுக்குறத எடுங்க"ன்னு போயிட்டாரு. விலை ஏறல. வழக்கமா வாங்குறத மட்டும் வாங்குனோம், கையில இருந்த காசுக்கு அடுப்ப சரி பண்ணுனோம்.

பேக்கரிக்காரங்களுக்குன்னு ஒரு தனி விசயம். நியூஸ்ல கோதுமை விலைன்னு சொல்றது அதிகமா சிகாகோ விலை தான், அது மென்மையான கோதுமை, பிஸ்கட், கேக் மாதிரி சாமானுக்கு ஏத்தது. பாணுக்கு புரோட்டின் கூடுன கடின கோதுமை வேணும், அதுக்கு கன்சாஸ் விலையும் மினியாபொலிஸ் விலையும் பாக்கணும். ஆமிஸ்ல அமெரிக்கக் கடின கோதுமை, பிரான்ஸ், ஆர்ஜென்டினா, கருங்கடல்னு விலைகள தனித்தனியா போடுறாங்க, அது நமக்கு ரொம்ப உதவி. ஆனா இந்தப் பருவத்துல எந்த நாட்டு கோதுமைல புரோட்டின் எப்படி, மா எப்படி உப்பும்னு அதுல பெருசா வராது. மூட்டை மாறுனா பாண் உப்புறதும் மாறுது, தண்ணி இழுக்குற அளவும் மாறுது, அத கை வச்சுப் பெசையுறவன் தான் கண்டுபுடிக்கணும்.

அந்த விசயத்துல நம்ம தேயிலை புரோக்கர்மார் கொழும்புல இருந்து வாரா வாரம் போடுற ரிப்போட் எவ்வளவோ மேல். கொழும்பு ஏலம் 1883ல இருந்து நடக்குது, செவ்வாய் புதன் ஏலம் முடிஞ்ச கையோட ரிப்போட் வந்துரும். மேற்கு மலைப் பக்கத்து பிஓபி (ஒரு தேயிலை ரகம்) எப்படிப் போச்சு, நுவரெலியா எப்படி, ஊவா எப்படி, கொழுந்தோட நெறம், ருசி, மழை வெயில், எந்த நாடு வாங்குச்சு, எது ஒதுங்குச்சுன்னு தேயிலைய வாயில வச்சுப் பாத்தவங்க எழுதுற எழுத்து அது. தோட்டத்துக்காரங்க ரெண்டையும் சேத்துப் படிக்கணும்னு நான் சொல்வேன். ஈராக், ரஷ்யா, துருக்கி மாதிரி நாடுகள் நம்ம தேயிலைய பெருசா வாங்குறவங்க, கருங்கடல் கோதுமையும் அந்தப் பக்கத்துல இருந்து தான் வருது. அங்க ஒரு சண்டை வந்தா நாம விக்கிறதும் அடிபடுது, வாங்குறதும் அடிபடுது. 2022ல உரம் இல்லாம தேயிலை வெளச்சல் 25 கோடி கிலோ அளவுக்கு வுழுந்து கெடந்த நேரம் பாத்து மா விலையும் ஏறுச்சு, 1,000 ரூவா நாள் சம்பளத்துல மூணு கிலோ மா வாங்குனா மிச்சம் என்ன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கொறைன்னு இன்னும் சொல்லணும்னா மொழி. ஆமிஸ் இங்கிலீஷ்ல தான், வாஸ்டேயும் இங்கிலீஷ்ல தான். தமிழ்லயும் சிங்களத்துலயும் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், யாராவது மாசா மாசம் போட்டா எத்தனை கடைக்காரங்களுக்கு உதவும். நம்ம யுனிவர்சிட்டில பொருளாதாரம் படிக்கிற புள்ளைங்க இத ஒரு வேலையா எடுத்துச் செய்யலாம், நான் எனக்குத் தெரிஞ்சத வாட்ஸ்அப்ல பக்கத்து கடைகளுக்கு அனுப்பிக்கிட்டு தான் இருக்கேன்.

அதோட இந்த ரிப்போட்டெல்லாம் துறைமுகம் வரைக்கும் தான் வரும், அதுக்கு மேல நம்ம ரோடு. 2025 நவம்பர் கடைசில டிட்வா புயல் வந்தப்போ உலகத்துல கோதுமை வெளச்சல் ரெக்கோட், விலையும் நல்லா கொறஞ்சு கெடந்துச்சு, ஆனா மண்சரிவுல ரோடெல்லாம் அடைபட்டு மலையகத்துல பல எடத்துக்கு ஒரு மூட்டை மா போய்ச் சேர முடியல. அதனால உலக நெலம எப்படி இருந்தாலும் மழைக் காலத்துக்கு முன்னாடி கொஞ்சம் கையிருப்பு வச்சிருங்க, இது எந்த ரிப்போட்டும் சொல்லாது.

ஆமிஸுக்கு அஞ்சுக்கு நாலரை, வாஸ்டேக்கு மூணரை குடுப்பேன். எண்ணெய், சீனி, பால்மா விலையும் வேணும்னா ஐநா அமைப்போட உணவு விலைச் சுட்டெண் மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை பக்கம் வரும், 2014-16 சராசரிய 100ன்னு வச்சு கணக்குப் போடுறாங்க, 2022 மார்ச்ல அது 160 கிட்ட போச்சு, கேக் போடுறவங்களுக்கு அது நல்லது. சித்திரை வருசத்துக்கு மொத்தமா மா எடுக்குறவங்க மார்ச் மாச ஆமிஸ கட்டாயம் பாருங்க, ஏப்ரல் இதழ் வர்றதுக்குள்ள நம்ம ஓடரெல்லாம் போயிரும்.